காலேபின் பொருத்தனை

அத்தியாயம் 17

போன வியாழக்கிழமை வந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எல்லாமே நார்மல் என்று இருந்ததும், காலேப் தெருவுக்கே கேட்கும்படி "அல்லேலூயா" சொல்லிவிட்டு அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். மைசூர்பாகை எல்லோரும் சாப்பிட்டார்கள். அந்த ரிப்போர்ட்டுக்குச் சொந்தக்காரியான அவன் மனைவி கிருபா சாப்பிடவில்லை. அன்று காலையில்கூட அவள் விரல்கள் மடங்குவதற்கு ஒரு கேசட்டின் ஏ பக்கம் முழுசும் பி பக்கத்தில் பாதியும் ஓட வேண்டியிருந்தது. ரிப்போர்ட்டில் அதை யாரும் அச்சடிக்கவில்லை.

முடக்குவாதம் வந்து எட்டு வருஷம் ஆகிறது. போர்டில் சாக்பீஸ் பிடிக்க முடியாமல் டீச்சர் வேலையை விட்டு இரண்டு வருஷம். கெட்டி நாவல் என்றால் கைக்குக் கனம் என்று பைண்டரிடம் கொடுத்து நாலாக அறுத்துப் படிக்கிறவள். சினிமாவுக்குப் போனால் மகள் ஜெனியோடு ஓரத்துச் சீட்டில் உட்கார்ந்து, பாட்டு வரும்போதெல்லாம் எழுந்து நின்று முட்டியை நீட்டிக்கொள்கிறவள். ஆனால் காலை நேரத்துக்கு அவளுக்குப் பாட்டுதான்.

எழுந்ததும் டேப் ரெக்கார்டரின் பட்டனை முழங்கையால் அழுத்துவாள். பாட்டு ஓடும்போது வெந்நீரில் கையை வைத்து விரல் விரலாக மடக்கிப் பார்ப்பாள். வாரத்துக்கு ஒரு கேசட். ஞாயிறு காலையில் மாற்றுவாள். வாரம் முடிந்ததும் அந்தக் கேசட் டப்பாவில் இருக்கும் அட்டையின் பின்பக்கம் பென்சிலால் ஒரு வரி எழுதுவாள்: தேதி, எத்தனை பக்கம் ஓடியபின் விரல் மடங்கியது, என்ன மாத்திரை, மனசு எப்படி இருந்தது. தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து ரெக்கார்டிங் கடையில் லிஸ்ட் கொடுத்துப் பதிந்து வாங்கிய அறுபத்துநான்கு கேசட்டுகள். சுற்றிச் சுற்றி வந்ததில் ஒவ்வோர் அட்டையிலும் ஆறேழு வரிகள் சேர்ந்திருந்தன.

வெள்ளிக்கிழமை குரோம்பேட்டையில் புது டாக்டரிடம் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. "எட்டு வருஷமா எழுதியிருக்கீங்களா? செவ்வாய்க்கிழமை எல்லாத்தையும் கொண்டு வாங்கம்மா. ரிப்போர்ட் நார்மல்தான். ஆனா மருந்தைக் குறைக்கறதா மாத்தறதான்னு அந்த அட்டையப் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றார்.

எட்டு வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் அவளுடைய காலை நேரத்தைக் கேட்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தைப் புருஷனிடம் சொல்ல வாய்க்கவில்லை. காலேப் இரண்டு நாளாகச் சபைக் கமிட்டி வேலை என்று அலைந்துகொண்டிருந்தான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கேசட் மாற்றும் நாள்.

அலமாரித் திரையை மணிக்கட்டால் விலக்கிய கிருபா அப்படியே நின்றாள். மூன்று தட்டுகளும் காலி; டேப் ரெக்கார்டருக்குள் இருந்த போன வாரக் கேசட் ஒன்றுதான் மிச்சம். கேசட் டப்பாக்கள் இருந்த இடத்தில் தூசி மட்டும் கட்டம் கட்டமாக இருந்தது.

"ஜெனி!"

பத்தாம் வகுப்பு ஜெனி பிரஷ்ஷும் வாயுமாக ஓடி வந்தாள். "ஐயோ! யாரும்மா எடுத்தது?"

"யாரா? உன் அத்தைதான். வியாழக்கிழமை மைசூர்பாகு சாப்பிட வந்தாங்களே, பெரிய பை ஒண்ணு தூக்கிக்கிட்டு."

காலேபின் அக்கா ரூபாவதிக்குச் சினிமாப் பாட்டு என்றால் ஆகாது. இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அலமாரியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடாமல் போகமாட்டாள். இரும்புலியூரில் அவள் வீட்டு நம்பரை ஜெனி சுழற்ற, கிருபா ரிசீவரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"அண்ணி, என் கேசட்டையெல்லாம் எங்க கொண்டு போனீங்க?"

"என்னடி, விடியறதுக்குள்ள திருட்டுப்பட்டம் கட்டறே?" ரூபாவதியின் குரல் ரிசீவரைத் தாண்டி ஜெனிக்கும் கேட்டது. "எனக்கு உன் பாட்டு பிடிக்காது. அதை உன் மூஞ்சிக்கு நேராவே பத்து வருஷமா சொல்றேன். பிடிக்காததைத் திருடிக்கிட்டுப் போய் நான் என்ன பண்ணப் போறேன்? அன்னிக்கு ராத்திரி ரெண்டு பையைத் தூக்கிக்கிட்டு மொபெட்ல போனவன் உன் புருஷன். அவனைக் கேளு."

போன் வைக்கப்பட்டது. கிருபாவுக்குக் காது சுட்டது. நியாயமில்லாமல் நாத்தனாரைத் திட்டிய வெட்கம் ஒரு நொடிதான் இருந்தது. அடுத்த நொடி முழுக் கோபமும் இடம் மாறிப் புருஷன் மேல் போய் உட்கார்ந்தது.

காலேப் அதிகாலையிலேயே சபைக்குப் போய்விட்டான். கிருபா வெந்நீர்கூட வைக்கவில்லை. இறுகிய விரலோடு ஜெனி கையால் புடவை கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

ஆராதனை பாதி நடந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்காரவும், போதகர் அறிவிப்புகளை முடித்து, "சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம்" என்று சொல்லவும் சரியாக இருந்தது.

எழுந்தவன் காலேப்.

"சபையாருக்கு என் ஸ்தோத்திரங்கள். என் மனைவி கிருபா எட்டு வருஷமா படுற கஷ்டம் உங்களுக்கெல்லாம் தெரியும். மூணு வருஷத்துக்கு முன்னால அவங்க ஆஸ்பத்திரியில நினைவில்லாம கிடந்தப்ப, நான் வராந்தாவுல முழங்கால்ல நின்னு ஒரு பொருத்தனை பண்ணினேன். கர்த்தாவே, இவளுக்குச் சுகம் கொடுத்தா எங்க வீட்டுல சினிமாப் பாட்டு சத்தமே இருக்காதுன்னு சொன்னேன். இந்த வாரம் ரிப்போர்ட் நார்மல்! பொருத்தனையை அன்னிக்கே நிறைவேத்திட்டேன்!"

அவன் குரல் உடைந்தது. நிஜமாகவே அழுதான். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. தலைகள் எல்லாம் பின்னால் திரும்பி கிருபாவைப் பார்த்துச் சிரித்தன. பக்கத்தில் இருந்த அன்னபாக்கியம் டீச்சர் சந்தோஷம் தாளாமல் அவள் வலது கையைப் பிடித்து நன்றாக ஓர் அழுத்து அழுத்தினார்.

கண்ணுக்குள் பூச்சி பறந்தது. கத்தாமல் இருப்பதற்காகப் பல்லைக் கடித்தாள். அவளுக்குச் சுகமாகிவிட்டதாம், அதற்குக் கை குலுக்குகிறார்களாம்!

ஆராதனை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் பதினாறு பேர் கை கொடுத்தார்கள். வேண்டாம் என்றால் விடுகிறார்களா? "இனிமே என்ன சிஸ்டர், நீங்க நல்லா குலுக்கலாமே!" என்றார் ஒருவர். கடைசியில் ஜெனி அம்மாவின் முன்னால் வந்து நின்று, அம்மாவுக்குப் பதிலாகத் தன் கையை நீட்டிக்கொண்டே போனாள்.

சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் காலேப் முகமெல்லாம் பூரிப்பாக நின்றிருந்தான். "கிருபா! நீ வருவேன்னு நினைக்கவே இல்ல. கேட்டியா?"

"கேட்டேன். என் கேசட் எங்கே?"

"அதான் சொன்னேனே, பொருத்தனை..."

"யாரோட பொருள் அது?"

"நம்ம வீட்டுப் பொருள்."

"நம்ம வீட்டுல கிரிக்கெட் கமென்ட்ரி கேக்கற ரேடியோவும் இருக்கு. மேட்ச் நடந்தா பாத்ரூம் வரைக்கும் தூக்கிட்டுப் போறீங்களே, அது. அதை ஏன் பொருத்தனை பண்ணல? உங்களுக்கு உசுரா இருக்கறதைக் கொடுத்திருந்தா அது பொருத்தனை. எனக்கு உசுரா இருக்கறதைக் கொடுத்துட்டு நீங்க அங்க நின்னு அழறீங்க!"

காலேபின் பூரிப்பு வடிந்தது. "மெதுவா பேசு. ஆளுங்க பார்க்கறாங்க. சுகமான சந்தோஷத்துல..."

"சுகமா? இங்க பாருங்க." வலது கையை அவன் முகத்துக்கு நேராகத் தூக்கினாள். கோபத்தில் முஷ்டி மடக்கப் பார்த்தாள். விரல்கள் பாதியில் நின்றுவிட்டன. ஆத்திரம் வந்தால் மற்றவர்கள் கதவைச் சாத்துகிறார்கள், தட்டை விட்டெறிகிறார்கள். அவளுக்கு அதற்கும் வழியில்லை. "மாத்திரை வேலை செய்யுது, அதனால ரிப்போர்ட் நார்மல். நோய் போகல. டாக்டரைக் கேட்டீங்களா? என்னைக் கேட்டீங்களா? பேப்பரைப் பார்த்துட்டு கர்த்தருக்கு ரசீது கொடுத்துட்டீங்க!"

"கேசட்தானே கிருபா! சபைக்காவது பிரயோஜனப்படட்டும்னு கேசட் ஊழியத்துக்குக் கொடுத்தேன். சுவிசேஷமுத்து அண்ணன்கிட்டதான் இருக்கு."

கிருபா மேலே கேட்கவில்லை. நடந்தாள்.

கேசட் ஊழிய அறை என்பது கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன ஷெட். சுவிசேஷமுத்து டெலிபோன் எக்சேஞ்சில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று டேப் டெக்குகளை வரிசையாக வைத்துக்கொண்டு, கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்காகப் பிரசங்கத்தைப் பதிந்து வீடு வீடாகக் கொடுத்தனுப்புவார். எந்த மதத்துக்காரராக இருந்தாலும் கேட்டால் கொடுப்பார்.

"வாங்க சிஸ்டர்! உங்க கேசட் எல்லாம் அருமையான டேப். புதுசு வாங்கற செலவு மிச்சம். பழைய பாட்டு அழிஞ்சு பிரசங்கம் கண்ணாடி மாதிரி விழுந்திருக்கு." மனிதர் பெருமையோடு ஒன்றை எடுத்து நீட்டினார். மேலே புது லேபிள்: 'சுகமளிக்கும் கரம்'.

கிருபா அந்த லேபிளைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, அதுவும் கோபமாகவே வந்தது. "உள்ளே இருந்த அட்டை?"

"அதுலதான் சிஸ்டர் லேபிள் ஒட்டியிருக்கேன். பாட்டு லிஸ்ட்டு தெரியக் கூடாதில்ல? பின்பக்கம் நான் பார்க்கல."

"எத்தனை முடிஞ்சது சார்?"

"நாப்பத்தோரு வீட்டுக்கு நேத்து சாயங்காலமே போயிடுச்சு. இருபத்திரண்டு இன்னும் பதியல, அப்படியே பையில இருக்கு. ஏன் சிஸ்டர்?"

அவள் சொன்னாள். குரலை உயர்த்தாமல், ஒன்று விடாமல் சொன்னாள். சுவிசேஷமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் போட்டுக்கொண்டார், மறுபடியும் கழற்றினார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த காலேப் தரையைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாதே சிஸ்டர்" என்றார் பெரியவர். அவர் கண் கலங்கியிருந்தது. "காலேப் பிரதர் உங்க சம்மதத்தோடதான் கொடுக்கறார்னு நினைச்சேன்."

"உங்க மேல தப்பில்ல சார். பாட்டு போனது போகட்டும்." போகட்டும் என்று சொல்லிவிட்டாளே தவிர, அது போனதில் அவளுக்குப் பாதி உயிர் போயிருந்தது. "அட்டை எனக்குச் செவ்வாய்க்கிழமை வேணும். எந்தெந்த வீடுன்னு எழுதியிருக்கீங்களா?"

நாற்பத்தொரு முகவரிகள். சேலையூர், பெருங்களத்தூர், முடிச்சூர், பீர்க்கன்கரணை, ஒன்று குன்றத்தூர் வரைக்கும். ஜெனி உட்கார்ந்து எல்லாவற்றையும் நகலெடுத்தாள். கிருபா அந்தத் தாளை வாங்கிக் காலேபின் சட்டைப் பையில் செருகினாள்.

"போங்க."

"நானா? நாப்பத்தோரு வீட்டுக்கா?"

"நீங்கதான் கொடுத்தீங்க, நீங்கதான் வாங்கணும். ஒவ்வொரு வீட்டுலயும் எதுக்குன்னு கேப்பாங்க. சொல்லுங்க. என் பொண்டாட்டிக்கு இன்னும் சுகமாகல, டாக்டருக்குக் காட்டணும், அவளைக் கேக்காம எடுத்துட்டு வந்துட்டேன்னு சொல்லுங்க. மைக் வேண்டாம். வாசல்ல நின்னு சொன்னா போதும்."

"கிருபா, காலையிலதான் சபையில சாட்சி..."

"அதுவும் சாட்சிதான்."

நாலடி போனவள் திரும்பி வந்தாள். ஏதோ ஒன்று சட்டென்று நினைவுக்கு வந்தவளாக அவள் முகம் மாறியிருந்தது. "அட்டையை வாங்கிட்டு மட்டும் வாங்க. படிக்காதீங்க."

காலேப் தலையாட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் இருபத்திரண்டு அட்டைகளையும் ஜெனி சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். கிருபா ஒவ்வொன்றாகக் குனிந்து தேடினாள். அவள் தேடிய அட்டை அதில் இல்லை. இரண்டாம் முறையும் தேடினாள்.

"எதைம்மா தேடறே?"

"ஒண்ணுமில்ல. நீ போய்ப் படி."

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. மடியில் நாலில் ஒரு பங்கு நாவலை வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருஷமாக இந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே இடம் அந்த அட்டைகளின் பின்பக்கம். வேறு எங்கும் சொல்லாததை அங்கேதான் சொன்னாள். இப்போது அது முன்பின் தெரியாத நாற்பத்தொரு பேர் தலைமாட்டில் கிடக்கிறது.

சாயங்காலம் ஆறரை மணிக்கு மொபெட் சத்தம் கேட்டது. காலேப் உள்ளே வந்து, சட்டைப் பையிலிருந்து எட்டு அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தான். தண்ணீர் கேட்கவில்லை. உட்காரவுமில்லை.

"ஒன்பது வீட்டுக்குப் போனேன். பீர்க்கன்கரணையில ஒரு அம்மா தரமாட்டேன்னுட்டாங்க. பூவம்மாள்னு பேரு. கோவளத்துல மீன் வித்துக்கிட்டிருந்தவங்களாம். சர்க்கரையில ஒரு கால் எடுத்தாச்சு. இப்ப மகன் வீட்டுல இருக்காங்க."

"எந்த அட்டை அது?"

காலேப் அவள் முகத்தைப் பார்க்காமல், பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தான்.

"பன்னண்டு எட்டு ரெண்டாயிரத்தொண்ணு. ரெண்டு பக்கமும் ஓடியும் விரல் மடங்கல. ஏழு நாளா மாத்திரை சாப்பிடல. வேணும்னுதான். யாரும் கவனிக்கல."

ஜெனியின் கையிலிருந்த பேனா மேசையில் உருண்டு கீழே விழுந்தது.

"படிக்காதீங்கன்னு சொன்னேன்."

"நான் படிக்கல. அந்தம்மா கண்ணாடி போட்டுக்கிட்டு எனக்குப் படிச்சுக் காட்டினாங்க." இப்போது அவன் குரலிலும் கோபம் ஏறியிருந்தது. "ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினதுக்கு அடுத்த வாரம்தானே நீ ஆஸ்பத்திரியில விழுந்தே? நான் வராந்தாவுல முட்டி தேய நின்னு அழுதேனே, அது இதுக்குத்தானா? மூணு வருஷமா ஏன் சொல்லல கிருபா?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? இன்னொரு பொருத்தனை பண்ணியிருப்பீங்க!" அவள் எழுந்துவிட்டாள். "ஏழு நாள் அந்த மாத்திரை டப்பா உங்க ஷேவிங் செட்டு பக்கத்துல அப்படியே இருந்தது. தினம் அதைத் தள்ளி வெச்சுட்டுத்தான் பிளேடு எடுத்தீங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஏன் குறையலன்னு கேட்டிருந்தீங்கன்னா நான் முழுங்கியிருப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டேன். என்னைப் பத்தி கர்த்தர்கிட்ட அவ்வளவு பேசறீங்களே, என்கிட்ட எப்பப் பேசினீங்க?"

ஜெனி அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

காலேப் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். கோபம் வற்றி, குரல் தரைக்கு வந்திருந்தது.

"அந்தம்மா ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. எழுதின ஆளைப் பார்த்துத்தான் அட்டையைக் கொடுப்பாங்களாம். மகனும் மருமகளும் வெளிய போற வரைக்கும் பேச்சு கொடுத்துக்கிட்டே இருந்துட்டு, அப்புறம் என்னைக் கிட்ட கூப்பிட்டாங்க. தலகாணியைத் தூக்கிக் காட்டினாங்க. கீழே மாத்திரையா கிடக்கு."

"என்ன?"

"'இந்தப் பொம்பள ஏழு நாளு முழுங்கல. நான் நாலு நாளா முழுங்கல, இங்கதான் வச்சிகினு கீறேன், இந்த வூட்ல ஒருத்தருக்கும் தெரியாது. அடுத்த வாரம் இவளுக்கு இன்னா ஆச்சு? அது எந்த அட்டையில கீது? அத்த எடுத்தாந்து காட்டு, அப்பாலிக்கா நான் முடிவு பண்றேன்'னு சொன்னாங்க, கிருபா."

"நீங்க என்ன சொன்னீங்க? மகன்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. நம்ம போன் நம்பரை எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன்."

"ஒரு மனுஷி மாத்திரையைத் தூக்கிக் காட்டறாங்க, வந்துட்டீங்களா!"

கிருபா மேசையைப் பார்த்தாள். முப்பது அட்டைகள். பத்தொன்பது எட்டு ரெண்டாயிரத்தொண்ணு என்ற தேதி இவற்றில் எதிலும் இல்லை. அது மிச்சமிருக்கும் முப்பத்திரண்டு வீடுகளில் ஏதோ ஒன்றில் இருக்கிறது. முடிச்சூரோ, குன்றத்தூரோ. தேடிக்கொண்டிருக்க இப்போது நேரமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின் அதில் எழுதியது அவளுக்கு ஓர் எழுத்து விடாமல் தெரியும்.

"ஜெனி, செருப்பை மாட்டி விடு."

"எங்கம்மா?"

"அடுத்த வாரம் என்ன ஆச்சுன்னு கேக்கறாங்களே. போய்ச் சொல்லணும்." அவள் காலேபின் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் காலையில் இருந்த கோபம் ஒரு துளிகூடக் குறைந்திருக்கவில்லை. "உங்ககிட்ட பேச வேண்டியது நிறைய இருக்கு. வந்து பேசறேன். இப்ப வண்டியைத் திருப்புங்க."

காலேப் திருப்பினான். பின்சீட்டில் ஏறிய கிருபா, எப்போதும்போல அவன் தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை. மடங்காத விரல்களை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள்.

மொபெட் தெருமுனை திரும்பியபோது வீட்டுக்குள் போன் அடித்தது. ஜெனி ஓடிப்போய் எடுத்தாள்.

"காலேப் சார் வூடா? பீர்க்கன்கரணையிலேர்ந்து பேசறேங்க, பூவம்மாள் மவன். மத்தியானம் வந்து எங்கம்மா கையில இன்னா குடுத்துட்டுப் போனாரு அவரு? அம்மா கண்ணு தொறக்க மாட்டேங்குதுங்க!"